நாற்பது என்று நான் சொன்ன மூச்சு

அன்புள்ள மகனுக்கு,

சிங்கப்பூர் விமான நிலையத்தில் உன் அம்மா, உன் மேமே, மட்டும் தனியாக வருவதைப் பார்த்திருப்பாய். பின்னால் நான் வருகிறேனா என்று கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்திருப்பாய். நான் வரவில்லை. ரங்கூனில் நம் வீட்டில், நான்காம் மாடியில்தான் இருக்கிறேன். மேமே கைப்பையைத் திறந்து இந்தக் கடிதத்தைக் கொடுத்து, "நீயே படிச்சுக்கோ, என்னை ஒண்ணும் கேக்காதே" என்று பர்மியில் சொல்லியிருப்பாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. உனக்குப் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே எஸ்தர்தான் இதை உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வரப்போகிற மருமகளுக்கு மாமனார் கொடுக்கிற முதல் வேலை இது. மன்னித்துக்கொள் அம்மா. அவசரமில்லை, நிறுத்தி நிறுத்தி வாசி. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறை. இங்கே ரங்கூன் கியாக்டடாவில் ஒரே ஆபீஸில் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் கடிதம் தட்டச்சு செய்தவன் நான். முதல் வரியில் தடுமாறியதே இல்லை. இப்போது நலம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அதனால் அந்த வரியைத் தள்ளிவைத்துவிட்டு, ஏற்கெனவே சொன்ன பொய்யை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது என்று உன்னிடம் போனில் சொன்னேனே, அது நாற்பது இல்லை. நான் அன்றைக்கு ஒன்பதுகூடச் செய்திருக்கவில்லை.

எஸ்தருக்கு இது ஒன்றும் விளங்காது. உனக்கும் பாதிதான் தெரியும். முதலிலிருந்தே சொல்கிறேன். வாலிபத்தில் எனக்கு வந்த காசம் மருந்தில் போய்விட்டது, ஆனால் வலது நுரையீரலின் கீழ்ப்பாதியைச் சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. வருஷாவருஷம் மழைக்காலத்தில் சளி கட்டும், காய்ச்சல் வரும், போகும். போன வருஷம் இருமலோடு ரத்தம் வந்தது. அந்தக் கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள், எடுத்தார்கள். அதற்காக உன் கல்யாணத்தை நீ ஒரு தடவை தள்ளிவைத்தாய். எஸ்தர் வீட்டாரும் முகம் சுளிக்காமல் சரி என்றார்கள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிற முட்டாள்தனத்துக்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலது விலாவிலிருந்து மார்பு வரை ஒரு கை அகலத்துக்கு எனக்கு உணர்ச்சி இல்லை. சட்டை படுவது தெரியாது. கிள்ளிப் பார்த்தால் வேறு யாரையோ கிள்ளுவது போலிருக்கும். நரம்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது, உணர்ச்சி மெதுவாகத் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். திரும்பவில்லை. தோல் மட்டும் மரத்திருந்தால் நான் இங்கே எழுதியிருக்கமாட்டேன். எல்லாமே அப்படி ஆகிவிட்டது. கல்யாணத் தேதியை நீ போனில் சொன்னபோது, "பேபே, சந்தோஷமா?" என்று கேட்டாய். ரொம்ப சந்தோஷம் என்றேன். சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆராதனையில் பாட்டுப் பாடும்போதும் அப்படித்தான், சாப்பிடும்போதும் அப்படித்தான். உன் அம்மா காலையில் கீழே போய் எனக்குப் பிடித்த மொஹிங்கா வாங்கி வருவாள். மீன் குழம்பும் அரிசி நூடுல்ஸுமாகக் கிண்ணம் காலியாகும். யார் சாப்பிட்டது என்று கேட்டால் நான் என்று சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி என்று ஒன்று கொடுத்தார்கள். பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்ட்ராவைப் போட்டு ஊதச் சொன்னார்கள். குழந்தைகள் விளையாடுவது போலக் குமிழி விட வேண்டும். விட்டேன். வீட்டுக்கு வந்தும் விட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சபைக்காரர் கையில் நீ அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தனுப்பினாய். ஒரு பக்கம் வாயில் கவ்வ, மறுபக்கம் ஒரு சுருள் கம்பி, பக்கத்தில் ஒன்பதிலிருந்து நாற்பத்தொன்று வரை எண்கள். மூக்கை அடைக்க ஒரு கிளிப்பும் இருந்ததாம், அது வழியிலேயே தொலைந்துபோனது. உன் அம்மா துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து என் மூக்கில் மாட்டிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போன் இருக்கிற மூன்றாம் மாடி தோ எயி அம்மாள் வீட்டில் நீ கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு மாடி இறங்கியதற்கே பத்து நிமிஷம் பேச்சு வரவில்லை. நீ தமிழில் பேசினாய். வேலை செய்கிற இடத்திலும் எஸ்தர் வீட்டிலும் பழகிய தமிழ். அதற்கு முன்னால் நீ என்னிடம் "சாப்டீங்களா, நல்லா இருக்கீங்களா" என்று இரண்டு வார்த்தை பேசி பர்மிக்குத் தாவிவிடுவாய். அன்றைக்கு முழுக்கத் தமிழ். உன் வீட்டுக்காரச் சீனரைப் பற்றிச் சொன்னாய். அவருக்கு இரண்டு நுரையீரலையும் எடுத்துவிட்டு, இறந்துபோன யாரோ ஒருவருடையதை வைத்திருக்கிறார்கள் என்றாய். "நுரையீரல் புதுசு பேபே, ஆனா அதை இழுக்கற தசை பழசு. ரொம்ப நாள் படுத்தே கெடந்ததால அது சும்மா ஆயிருச்சு. அதுக்குத்தான் இந்த எக்சர்சைஸ். அவர் தெனமும் எங்க ஹால்ல உக்காந்து செய்வாரு. உங்களுக்கும் அதேதான்." நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் மகன் தசை என்கிறான், நுரையீரல் என்கிறான். அந்த வார்த்தைகளை நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

பிறகு சொன்னாய்: "அதை வாயில நல்லா கவ்விக்கிட்டு மூச்சு விடுங்க பேபே. காலைல முப்பது, சாயங்காலம் முப்பது. ஒவ்வொரு வாரமும் நம்பரைக் கொஞ்சம் ஏத்துங்க."

மூச்சு விடுங்க என்றாய். நீ சொன்னதில் தப்பே இல்லை. எந்தத் தமிழனும் அப்படித்தான் சொல்வான். நம் மொழியில் மூச்சு விடுவது என்றால் உள்ளே போவதும் வெளியே வருவதும் இரண்டும்தான். ஆனால் சொல் என்னவோ விடுவதை மட்டும் சொல்கிறது. மூச்சு வாங்குகிறது என்றால் ஆள் களைத்துவிட்டான் என்று அர்த்தம். மூச்சு இழுக்கிறது என்றால் பாதிரியாரைக் கூப்பிட வேண்டியதுதான். பர்மியில் சொல்லியிருந்தால் உள்ளே இழுப்பதற்கு ஒரு சொல், வெளியே விடுவதற்கு ஒரு சொல் என்று தெளிவாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஊதிப் பழகியவன் நான், ஊதத்தான் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த நிமிஷம் மனசுக்குள் ஒரு சந்தேகம் வந்தது. தசை இழுக்கும் என்கிறானே, பிறகு எதற்கு விடச் சொல்கிறான் என்று. உள்ளேயா வெளியேயா என்று பர்மியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நீயும் பர்மிக்குத் திரும்பிவிடுவாய். தமிழில் சொன்னாயே, அந்த ஒரே காரணத்துக்காக நான் திருப்பிக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். மூக்கில் துணிக் கிளிப், வாயில் குழாய். ஊதினேன். சுகமாகப் போயிற்று. உன் அம்மா ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு ஒவ்வொரு பயறாகப் போட்டு பர்மியில் எண்ணினாள். முப்பதும் முடிந்தபோது எனக்குக் களைப்பே இல்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. அடுத்த வாரம் எண்ணை ஏற்றினேன், வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் ஏற்றினேன். அந்தக் குழாயில் ஊதினால் எந்த எண்ணில் வைத்தாலும் காற்று தாராளமாக வெளியே போகும். உள்ளே இழுத்தால்தான் அது மல்லுக்கட்டும். அது எனக்கு எப்படித் தெரியும்? ஐந்தாவது ஞாயிறு உன்னிடம் நாற்பது என்றேன். நீ சத்தம் போட்டுச் சிரித்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாய். அவர் போனை வாங்கி இங்கிலீஷில் பேசினார். "நாலு மாசமா நான் இருபத்தெட்டில் நிற்கிறேன். உங்களுக்குள் இருப்பது நுரையீரலா, குதிரையா?" என்றார். நான் சிரித்தேன். அதுகூட நன்றாக வந்தது. அன்றைக்கே நீ தேதியைப் பேசினாய், இரண்டு டிக்கெட் எடுத்தாய்.

மாடிப்படி மட்டும் பொய் சொல்லவில்லை. நம் கட்டடத்துப் படி உனக்குத் தெரியும், சுவரில் சாத்திவைத்த ஏணி மாதிரி நெட்டுக்குத்தலாக இருக்கும். நாற்பது செய்கிற ஆள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவான். உன் அம்மா, "நம்பர் ஏறுது, நீ ஏற மாட்டேங்கறே" என்றாள். வயசாகிவிட்டது என்றேன். பர்மியில் வயதுக்கும் உயிருக்கும் ஒரே சொல்தான், மூச்சு என்று சொல்லவும் அதே சொல்லில்தான் தொடங்க வேண்டும். அதனால் அவளுக்கு நான் சொன்னது எப்படிக் கேட்டதோ தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. மிச்சமிருக்கிற நுரையீரலை நன்றாக விரிக்காததால் அடியில் சளி தேங்கிவிட்டது என்றார்கள். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். அவள் உன்னிடம், அவர் தன்லியினுக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றாளாம். அடுத்த ஞாயிறும் அதையே சொல்ல, "ரெண்டு வாரமாவா ஜெபம் பண்றாரு?" என்று நீ கேட்டாயாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது. என்னால் கற்றுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அவள் அந்தக் குழாயை வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றிற்றோ, கரும்புச் சாற்றுக்கு ஸ்ட்ரா வைப்பது போல வாயில் வைத்து உறிஞ்சினாள். கண் பிதுங்கிற்று. எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காத்து வரமாட்டேங்குது," என்றாள்.

"ஊதணும், உறிஞ்சக்கூடாது."

"ஊதினா ஒண்ணுமே இல்லையே. சும்மா போகுது. இதுல என்ன பயிற்சி இருக்கு?" மறுபடியும் உறிஞ்சிப் பார்த்தாள். "இது உறிஞ்சறதுக்கு. நீ இத்தனை நாளும் ஊதிக்கிட்டா இருந்தே?"

நான் வாங்கி, நாற்பதில் வைத்தே இழுத்தேன். சுவரை வாயில் வைத்து இழுப்பது போலிருந்தது. ஒன்பதுக்கு இறக்கி இழுத்தேன். அப்போதும் வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற சயாமாவிடம் எடுத்துப்போனோம். சின்னப் பெண். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ ஒரு மீட்டரில் என்னை இழுக்கச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "ஊலே, இது மூச்சை உள்ளே இழுக்கறதுக்கு. யார் ஊதச் சொன்னாங்க?" என்றாள். நானேதான் என்றேன். உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நீ சொன்ன வார்த்தையில் நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. இனியும் தெரிய வேண்டாம். எஸ்தர், நீயும் சொல்லிவிடாதே.

விமானத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். மேலே காற்று கொஞ்சம் லேசாக இருக்கும், மற்றவர்களுக்கு அது பெரிசில்லை, உங்களிடம் கைவசம் ஒன்றுமே இல்லையே என்றார். இன்னும் மூன்று மாதமாவது வேண்டும் என்றார். உன் கல்யாணத்துக்கு அப்போது ஏழு வாரம் இருந்தது. உன்னிடம் சொன்னால் மறுபடியும் தள்ளிவைப்பாய். எனக்கு அது வேண்டாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது, நாற்பதேதான், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதையும் உணராத ஆளுக்குப் பொய் சொல்வது சுலபமாக இருக்கிறது. குரல் நடுங்காது.

ஒன்பதில் ஐந்து தடவை என்று சயாமா ஆரம்பித்து வைத்தாள். இந்த ஐந்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மூக்கை அடைத்துக்கொண்டு இழுக்கிறோம். குழாய்க்குள் கதவு மூடியே இருக்கிறது. இன்னும் இழுக்க வேண்டும். நெஞ்சு குழிகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, காற்று வரவில்லை. வராதோ என்று ஒரு பயம் வருகிறது. அந்தப் பயத்தையும் தாண்டி இழுத்தால்தான் கதவு திறக்கும். முதல் நாள் மூன்றாவது தடவையில் கிளிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். கதவு திறக்காத அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது. இப்போதைய முகம் இல்லை. ஆறு வயசு முகம்.

எண்பத்தெட்டாம் வருஷம். பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடந்தது, ஊரில் எல்லாருக்கும் எல்லார் மேலும் சந்தேகம். உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நிற்க இடமில்லாத கூட்டம். சூலே பகோடாவைச் சுற்றி பஸ் திரும்பும்போது புறாக்கள் மொத்தமாக எழும்பின. நீ ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, அங்க பாருங்க! அப்பா, புறா!" என்று கத்தினாய். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒருவன் "கலா" என்றான், நம் ஆட்களைச் சொல்கிற அந்தச் சொல்லை. இன்னொருவன் இறக்கிவிடு என்றான். அப்படிச் சொன்னானா, எனக்கு அப்படிக் கேட்டதா, இப்போது தெரியவில்லை. நான் உன் வாயைப் பொத்தினேன். வாயை மட்டும்தான் பொத்துவதாக நினைத்தேன். என் கை பெரிசு, உன் முகம் சிறிசு. மூக்கையும் சேர்த்து அழுத்தியிருக்கிறேன். நீ திமிறினாய், நான் இன்னும் இறுக்கினேன். உன் அம்மாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நீ அழவில்லை. பெரிதாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தாய். அந்தச் சத்தம் பஸ்ஸுக்கே கேட்டது. நான் உன் காதில், "பேபேன்னு சொல்லு, வெளியில அப்பான்னு சொல்லாதே" என்று பர்மியில் சொன்னேன்.

வெளியில் என்றுதான் சொன்னேன். நீ வீட்டிலும் நிறுத்திவிட்டாய். அன்றைக்குப் பிறகு ஒரு நாள்கூட என்னை அப்பா என்று கூப்பிடவில்லை, சிங்கப்பூர் போகும் வரை தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாய்.

இதே தப்பை நான் அதற்கு முன்னாலும் செய்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் உன் அம்மாவின் அப்பா தன்லியினில் சுகமில்லாமல் கிடந்தார். அப்போது பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும், மழை வேறு. வெள்ளிக்கிழமை அவளிடம், ஞாயிற்றுக்கிழமை போகலாமா, இல்லை நாளைக்கே போக வேண்டுமா என்று கேட்டேன். அவள் "யபாதே" என்றாள். பர்மிக்காரர்கள் எதற்கும் சொல்கிற சொல். பரவாயில்லை, இருக்கட்டும், சரி, எல்லாவற்றுக்கும் அதுதான். நான் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். அவர் சனிக்கிழமை காலமானார். "உனக்குத் தொந்தரவு வேண்டாமே என்றுதான் அப்படிச் சொன்னேன், நீ இன்னொரு தடவை கேட்பாய் என்று நினைத்தேன்" என்று அவள் என்னிடம் சொன்னாள். பல வருஷம் கழித்து, சோறு பரிமாறும்போது, சாதாரணமாகச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சபையில் நிற்க வைத்து ஜெபம் பண்ணியும் சொல்வார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். எஸ்தர் தமிழில் ஒன்று சொல்வாள், உனக்குப் பாதி புரியும். நீ ஒன்று சொல்வாய், அவளுக்கு வேறு மாதிரி கேட்கும். புரிந்த மாதிரி தலையாட்டாதே. நன்றாகப் பேசுகிறாளே, சந்தோஷமாக இருக்கிறாளே, ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிடாதே. அசட்டுத்தனமாக இருந்தாலும் திருப்பிக் கேள். எஸ்தர், இவன் "யபாதே" என்று சொன்னால் நீ நம்பாதே. அவன் அம்மா பிள்ளை அவன்.

இப்போது நான் பதின்மூன்றில் இருக்கிறேன். நாற்பதிலிருந்து பதின்மூன்றுக்கு முன்னேறியிருக்கிறேன் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல், சிரிக்கட்டும். அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுவிடு, அந்த மனிதர் இந்நேரம் தன்னைச் சோம்பேறி என்று நினைத்து வருத்தப்பட்டிருப்பார். காலையில் முப்பது, சாயங்காலம் முப்பது, எல்லாம் உள்ளே இழுத்ததுதான். போன வாரம் நிற்காமல் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். நீ வருகிற கிறிஸ்துமஸுக்கு எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்தால் நான் கீழே வந்து உங்களை அழைத்துக்கொண்டு மேலே ஏறுவேன். இது வாக்கு இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்ததில் அப்படித்தான் வருகிறது.

நாளைக் காலையில் உன் அம்மா கிளம்புகிறாள். அவள் விமானத்தில் போனதே இல்லை. நம் அடுக்களையிலிருந்து என்னென்னவோ பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள், உன் கல்யாணத்துக்கு ஊறவைத்த தேயிலை இல்லாமல் ஆகாதாம். அவள் டாக்சியில் ஏறும் வரை நான் பால்கனியில் நிற்பேன். இந்தக் கடிதத்தை இப்போதே கொடுத்தால் தமிழ் தெரிந்த யாரிடமாவது கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிவிடுவாள். ஆகவே அவள் தெருவில் இறங்கின பிறகு, பேப்பர்காரனுக்காகத் தொங்கவிட்டிருக்கிற கயிற்றின் கிளிப்பில் மாட்டி மேலேயிருந்து இறக்குவேன். உறையின் மூலையில் பல் பதிந்த தடம் இருந்தால் அதுதான். அவள் இல்லாத நாட்களில் தோ எயி சோறு கொண்டுவருவாள். பயறை நானே போட்டு எண்ணிக்கொள்வேன்.

நலம் என்ற வரியைத் தள்ளிவைத்தேன் அல்லவா? இப்போதும் அதை எழுத முடியவில்லை. மரத்த இடம் மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று சாயங்காலம், இருபத்தாறாவது மூச்சிலோ இருபத்தேழாவதிலோ, கதவு திறந்து காற்று வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பஸ்ஸில் நீ இழுத்த மூச்சின் அதே சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டு வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு எங்காவது வலித்தது அதுதான் முதல் தடவை. நான் நலமா இல்லையா என்று நீயே தீர்மானித்துக்கொள்.

அப்பா என்று கூப்பிடு என்று நான் கேட்கமாட்டேன். பேபே பழகிவிட்டது. நீ கூப்பிட்டால் எந்தச் சொல்லிலும் நான்தான் திரும்பிப் பார்ப்பேன். கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். ஆராதனை தொடங்குகிற நேரத்தில் நான் இங்கே நாற்காலியைப் பால்கனியில் போட்டுக்கொண்டு என் முப்பதைச் செய்துகொண்டிருப்பேன். அடுத்த ஞாயிறு வழக்கம்போல தோ எயி வீட்டுக்குப் போன் பண்ணு. தமிழிலேயே பேசு. எனக்குப் புரியாவிட்டால் இந்தத் தடவை திருப்பிக் கேட்பேன்.

உன்,
பேபே